டாஸ் எஞ்சின்: வீட்டிலேயே பிரித்துக் கட்டுவதா, ஜப்பானிலிருந்து வந்த பழையதை வாங்குவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், புரோஸ்பெக்டன் ஆலையில் 2006 வரை தயாரான டொயோட்டா டாஸ் கார் இன்றும் டர்பனின் சாட்ஸ்வொர்த் தெருக்களில் ஓடுகிறது. சைலன்சரில் நீலப்புகை வர ஆரம்பித்ததும் இந்தக் கேள்வியும் வந்துவிடும்.

செலவு
வீட்டில்: கூலி மிச்சம். ஆனால் போரிங் (சிலிண்டரைக் குடைந்து சீராக்குவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்குவது) இரண்டுக்கும் பட்டறைக்குத்தான் போகணும்.
பழையது: ஒரே தொகை. ஆயில் சீல், டைமிங் பெல்ட்டைப் புதிதாக மாற்றாமல் ஏற்றிவிடாதீர்கள்.

நேரம்
வீட்டில்: இழுத்துக்கொண்டே போகும்.
பழையது: ஒரு வார இறுதி.

உழைப்பு
வீட்டில்: உள்ளே இருப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பிஸ்டன் ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் இறக்கி, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பாருங்கள். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூடிகளைக் கழற்றும்போதே எண்ணும் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள். இடமோ திசையோ மாறினால் கிராங்க் இறுகும். போரிங் முடிந்து வந்த பிளாக்கை (எஞ்சினின் உடல்) அன்றே எண்ணெய் தடவி மூடிவையுங்கள். டர்பன் கடற்காற்றில் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும்.
பழையது: 'கம்மியா ஓடினது' என்பார் கடைக்காரர். அதை விடுங்கள். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பாருங்கள், வால்வு மூடியைத் திறந்து கருப்புச் சேறு இருக்கிறதா பாருங்கள்.

காகிதம்
வீட்டில்: அதே பிளாக், அதே நம்பர், தொல்லையில்லை.
பழையது: எஞ்சின் நம்பர் மாறுவதால் போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும், பதிவிலும் மாற்றணும். விட்டால் வண்டி விற்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வேலைக்குப் போக இருப்பது இந்த ஒரு வண்டிதான் என்றால் பழையதை வாங்குங்கள். வீட்டில் இன்னொரு வண்டி, கூரையுள்ள கராஜ், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவான விசையில் முறுக்கும் கருவி), கூடவே பொறுமையும் இருந்தால் பிரித்துக் கட்டுங்கள். பிளாக்கே வெடித்திருந்தால் யோசனையே வேண்டாம், பழையதுதான்.