கார்டு கடனை முடித்துத் தருகிறோம் என்றவர்களிடம் 36,500 ரூபாய் போனது

இன்று காலை பத்தரை மணிக்கு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி சொன்னார்: "உங்க கடன் விஷயமா எந்த வக்கீலும், எந்த கம்பெனியும் எங்களுக்கு ஒரு மெயில்கூட அனுப்பலைங்க." 'உங்க ஃபைல் பேங்க் லீகல் டீம்கிட்ட இருக்கு' என்பதை ஐந்து மாதமாகக் கேட்டு நம்பிக்கொண்டிருந்தவன் நான். 36,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை. போன வருடம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது காப்பீடு போக மீதியை கிரெடிட் கார்டில் தேய்த்தேன். பாக்கி 1,42,000. மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை (மினிமம் டியூ) மட்டும் கட்டி வந்தேன். ஏழாயிரம் கட்டினால் ஆறாயிரம் வட்டிக்கே போய்விடும். மாதம் 3.6 சதவீதம், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றதும் அதையும் கட்ட முடியவில்லை.

அப்போது போனில் ஒரு விளம்பரம் வந்தது. கார்டு கடனில் பாதிக்கும் கீழே கட்டினால் போதும், மீதியை நாங்கள் பேசி முடிக்கிறோம் என்று. நம்பர் கொடுத்த பத்து நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டார். நம்ம கொங்குப் பேச்சு. அப்பா ஆபரேஷன் என்று சொன்னதும், "இப்ப நல்லாருக்காருங்களாண்ணா? மாத்திரை தவறாம சாப்பிடறாருங்களா?" என்று கேட்டார். அதுவரை கடன் விஷயமாகக் கூப்பிட்ட யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் விழுந்தேன்.

"இனி பேங்க் போனை எடுக்காதீங்ண்ணா. ஒரு பைசா கட்டாதீங்க. கட்டாம விட்டாத்தான் அவங்க எறங்கி வருவாங்க. 55,000-க்கு முடிச்சுத் தர்றோம்." பதிவுக் கட்டணம் 6,500. அப்புறம் மூன்று தவணை, தலா 10,000. கடைசித் தவணைக்கு மனைவியின் மோதிரத்தை அடகு வைத்தோம்.

நான் வங்கி போனை எடுக்கவே இல்லை. என்னை அழித்தது அதுதான். 90 நாள் தாண்டியதும் வாராக்கடன் கணக்கில் போய்விட்டது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் 751-லிருந்து 588-க்கு இறங்கியது. தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறி பாக்கி 1,83,000. சம்பளக் கணக்கும் அதே வங்கி என்பதால் நான்காம் மாதம் லியன் போட்டுப் பணத்தை எடுக்க முடியாமல் செய்துவிட்டார்கள். வசூல் ஆள் வந்து நின்றபோது வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். ஸ்டென்ட் வைத்த மனுஷன். எனக்குப் போன் செய்து, "என்னப்பா பண்ணி வச்சிருக்க?" என்று கேட்டார். அந்தக் குரலை மறக்க முடியவில்லை.

அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டால் முதலில் மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை, மறுபடியும் அடுத்த வெள்ளிக்கிழமை. அந்தப் பெண்ணின் நம்பர் அணைந்தது. வேறொரு ஆள் எடுத்தார். அண்ணா போய் சார் வந்துவிட்டது. "அக்ரிமெண்ட்டைப் படிங்க சார், ஆலோசனைக் கட்டணம்னுதான் போட்டிருக்கு, ரீஃபண்ட் கிடையாது." 36,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த ஆலோசனை, போனை எடுக்காதே என்பது மட்டும்தான். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரே டிக்.

வங்கி அதிகாரி இன்னொன்றும் சொன்னார். முதல் மாதமே நேரில் வந்திருந்தால் பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றக் கேட்டிருக்கலாமாம். அதைக் கேட்டபோது எழுந்து நிற்கவே முடியவில்லை.

விரிவாக எழுத இப்போது தெம்பில்லை. இவ்வளவுதான்: கட்ட முடியாவிட்டால் நீங்களே கிளைக்குப் போய்ப் பேசுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கடனை முடிக்கும் செட்டில்மெண்ட்டையும் வங்கியோடு நேராகவே பேசலாம், நடுவில் ஆள் வேண்டாம். ஆனால் சிபிலில் 'செட்டில்ட்' என்று ஏறும், அப்புறம் பல வருடம் வேறு கடன் கிடைப்பது கஷ்டம். வங்கியின் கடிதம் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். கார்டு கடன் கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் ஜெயிலில் போட மாட்டார்கள், அதைச் சொல்லி மிரட்டினால் பயப்படாதீர்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் தாமதித்துவிட்டேன்.

நாளைக் காலை ரசீதுகளை எடுத்துக்கொண்டு சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போகிறோம். 20-ஆம் தேதிக்குள் மோதிரத்துக்கு வட்டி கட்ட வேண்டும்.