அனுமார் வாலும் போஸ்ட்கிரஸ் ஸ்டாண்ட்பையும்

போன வாரம் கல்லூரித் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் ஸ்டாண்ட்பை சர்வரில் டிஸ்க் 97 சதவீதம். பழைய லாக் கோப்புகளை அழித்துவிடலாமா?” ஸ்டாண்ட்பை என்பது முதன்மை சர்வரான பிரைமரியின் நகல். பிரைமரியில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்த WAL கோப்புகளை வாங்கிப் படித்தே அது ஓடுகிறது. தம்பி ‘லாக்’ என்றது அவற்றைத்தான். பதில் எழுத உட்கார்ந்தால் நான்கு ஆண்டு எரிச்சலும் கிளம்பி வந்துவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்புகளின் பிரதிகளைச் சேர்த்துவைக்கும் ஆர்க்கைவ் டைரக்டரியைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. ‘ஆர்க்கைவ் கிளீனப் கமாண்ட்’ என்று ஒரே ஒரு வரி. ரீஸ்டார்ட்பாயின்ட் (ஸ்டாண்ட்பை அதுவரை படித்த மாற்றங்களை டிஸ்க்கில் உறுதிசெய்யும் கட்டம்) நடக்கும்போதெல்லாம் தானாக ஓடி, இனித் தேவைப்படாத கோப்புகளை மட்டும் கழித்துவிடும். முன்பெல்லாம் ‘ஏழு நாள் பழையதை அழி’ என்று கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரலில்) போட்டிருந்தோம். ஸ்டாண்ட்பை எட்டு நாள் பின்தங்கிய ஒரு பொங்கல் விடுமுறையில் பட்டது போதும். ஒரே ஆர்க்கைவை இரண்டு ஸ்டாண்ட்பை படித்தால் மட்டும் இந்த வரியைப் போடாதீர்கள். ஒன்று அழித்ததை மற்றொன்று தேடும்.

எரிச்சல் WAL டைரக்டரியில், அதாவது சர்வர் தன் WAL கோப்புகளை வைத்திருக்கும் இடத்தில். நம் வாயில் அந்தப் பெயர் ‘வால்’ என்று விழுவது சும்மா இல்லை, அனுமார் வாலேதான். எங்கள் ஸ்டாண்ட்பையிலிருந்து அறிக்கை சர்வர் ஒன்றுக்குத் தரவு போய்க்கொண்டிருந்தது. அதற்காக ஸ்டாண்ட்பையில் ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட்: எதிர்முனை சர்வர் வாங்கிக்கொள்ளும்வரை WAL கோப்புகளை அழிக்காமல் வைத்திருக்கும் ஏற்பாடு. அறிக்கை சர்வரை மூடினோம், ஸ்லாட்டை மறந்தோம். அதுவோ இல்லாத சர்வருக்கு இலை போட்டுக் காத்திருந்தது. கோப்பு ஒன்றுக்கு 16 எம்பி. 200 ஜிபி டிஸ்க்கில் 12,800 கோப்புதான் கொள்ளும். பதினோராம் நாள் நள்ளிரவில் ஸ்டாண்ட்பை நின்றது. டிஸ்க்கைக் கொஞ்சம் பெரிதாக்கி எழுப்பி ஸ்லாட் பட்டியலைப் பார்த்தால் ஒரே வரி. ‘ஆக்டிவ்’ என்ற இடத்தில் ‘எஃப்’, அதாவது ‘இல்லை’. டிராப் செய்ய ஒரு நொடி.

ஸ்லாட்டைத் திட்டுவது நியாயமில்லை. வைத்திரு என்றோம், வைத்திருந்தது. 2020-இல் வந்த 13ஆம் பதிப்பிலேயே இதற்கு உச்சவரம்பு வைக்க வழி செய்துவிட்டார்கள். ஆனால் யாரும் தொடாவிட்டால் அதன் மதிப்பு மைனஸ் ஒன்று, அதாவது வரம்பே இல்லை! 18ஆம் பதிப்பில் சும்மா கிடக்கும் ஸ்லாட்டுக்குக் கெடு வைக்கலாம். அதுவும் நாமே போட்டால்தான் உண்டு. தாழ்ப்பாள் செய்யத் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் கொடுக்க என்ன கேடு?

நான்கு ஆண்டில் ஒரு பரிவர்த்தனைகூடத் தொலையவில்லை. இருந்தும் இன்றைக்கு என்னிடம் கேட்டால், ஸ்டாண்ட்பையில் ஸ்லாட் வேண்டவே வேண்டாம் என்பேன்.

தம்பிக்கு எழுதி முடிப்பதற்குள் அடுத்த செய்தி: பழையதாகத் தெரிந்த நாற்பது கோப்புகளை அழித்து, ஸ்டாண்ட்பையை ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டானாம். லாக்தானே என்று பலர் இப்படி அழித்துத் தொலைத்ததால்தான் 2017-இல், 10ஆம் பதிப்பில், டைரக்டரியின் பெயரிலிருந்தே ‘லாக்’கை எடுத்தார்கள். பிரைமரியிலும் அந்தக் கோப்புகள் இல்லை, ஆர்க்கைவும் வைக்கவில்லை. புதிதாக பேஸ் பேக்கப் (முழுத் தரவுத்தளத்தின் நகல்) எடுத்துக்கொண்டிருக்கிறான். 900 ஜிபி.