யூட்டா ஸ்லாட் கேன்யன் போகிறவர்கள் கவனத்துக்கு: 756 டாலர் வாங்கிக்கொண்டு பாலைவனத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள்

கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்கிறாள் மனைவி. ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. அக்டோபரில் நீண்ட வார இறுதி வருகிறது. அதற்குள் நம்மவர்கள் எத்தனை பேர் அதே இணையப் பக்கத்தில் பணம் கட்டப் போகிறார்களோ தெரியாது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறையில் எங்களிடமிருந்து பறித்தது 756 டாலர். நான்கு பேருக்கு, தலைக்கு 189. நடந்ததைச் சொல்லிவிட்டு, எதையெல்லாம் சரிபார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தெற்கே எஸ்கலாண்டே என்று ஒரு சிற்றூர். அதற்கு அப்பால் பீக்கபூ, ஸ்பூக்கி என்று இரண்டு ஸ்லாட் கேன்யன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வெள்ளம் காலங்காலமாக மணற்பாறையை அறுத்து உண்டாக்கிய இடுக்குகள். பீக்கபூ வழியாக ஏறி, மேலே மணல்வெளியைக் கடந்து, ஸ்பூக்கி வழியாக இறங்கி, புறப்பட்ட டிரை ஃபோர்க் ஓடைப் படுகைக்கே வந்து சேரலாம். சென்னையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணனும் அவர் மகனும் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, வேறு எதைக் காட்டாவிட்டாலும் இதைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அங்கே போவதில்தான் சிக்கல். ஹைவே 12இலிருந்து பிரியும் ஹோல் இன் த ராக் சாலையில் 26 மைல் போக வேண்டும், பெரும்பாலும் மண் பாதை. 1879இல் மோர்மன் குடியேறிகள் மாட்டு வண்டிகளோடு போன தடம் அது. குறுக்கே வரிவரியாக மேடு விழுந்து, காரின் ஒவ்வொரு திருகையும் கழற்றிவிடும்போல் உதறும். வாடகைக் கார் நிறுவனங்கள் மண் பாதையில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. லாஸ் வேகாஸில் கார் எடுத்து, சையன், பிரைஸ் தேசியப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு வரும் குடும்பம் அந்த 26 மைலை எப்படிக் கடக்கும்? இந்த இடத்தைப் பார்த்துத்தான் வலை விரித்திருக்கிறார்கள்.

சுற்றுலா முன்பதிவுக்கான பெரிய இணையதளம் ஒன்றில் இந்தப் பயணம் இருந்தது. நடத்துவது ஒரு சிறிய சாகசப் பயண நிறுவனம். நான்கு சக்கர இயக்க வண்டி, பயிற்சி பெற்ற வழிகாட்டி, கயிறு, தண்ணீர், மதிய உணவு, அனுமதிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 189 டாலர். ஐந்துக்கு 4.9 நட்சத்திரம். அப்போதும் நான் உடனே பணம் கட்டவில்லை. மைத்துனர் ஐம்பதைக் கடந்தவர், பருத்த உடல்வாகு. அவரை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்ய முடியாது என்று அந்த நிறுவனத்துக்கே தொலைபேசியில் பேசினேன்.

ஒரு பெண்மணி பேசினார். என்ன பரிவு, என்ன பொறுமை! மைத்துனரின் வயதைக் கேட்டார். முழங்கால் வலி உண்டா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்டார். பையனுக்கு உயரம் என்றால் பயமா என்றுகூடக் கேட்டார். "எல்லா வயதினரையும் கூட்டிப் போகிறோம். எங்கள் வழிகாட்டி முதலுதவிப் பயிற்சி பெற்றவர். காலையில் வானிலை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். இடுக்கு எங்கே குறுகுகிறதோ அங்கே பெரியவருக்குச் சுற்றுவழி காட்டுவார். உங்கள் மைத்துனரை என் அப்பாவைப்போல் பார்த்துக்கொள்வோம்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே, கயிறும் தலைக்கவசமுமாக ஒருவர் பாறையிடுக்கில் நிற்கும் படத்தை அனுப்பி, இவர்தான் உங்களோடு வரப் போகிறவர் என்றார். அந்த நாளுக்கு நான்கு இடங்கள்தான் மிச்சம் என்றும் சொன்னார். தகப்பனைப்போல் பார்த்துக்கொள்வோம் என்று ஒருவர் சொன்ன பிறகு என்ன கேட்க முடியும்? 756 டாலரைக் கட்டினேன்.

காலை 8 மணிக்கு வர வேண்டிய வண்டி 10 மணிக்கு மேல் வந்தது. நான்கு சக்கர இயக்க வண்டி என்றார்கள். வந்தது விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றும் சாதாரண வேன். ஓட்டி வந்தவன் கல்லூரிப் பையன் வயதுடையவன். ஏறியதும் கைபேசியில் எங்கள் வவுச்சரின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தான். பிறகு ஒரு டேப்லெட்டை நீட்டி, எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் வண்டியை எடுக்க முடியும் என்றான். வழிகாட்டி எங்கே என்றதற்கு, அங்கே காத்திருக்கிறார் என்றான்.

அங்கே யாரும் இல்லை.

இந்த நடைக்கு இரண்டு வண்டி நிறுத்தங்கள் உண்டு. கீழ் நிறுத்தத்திலிருந்து போனால் சுற்று ஏறக்குறைய 3.5 மைல். அதற்கு இறங்கும் பாதை கரடுமுரடானது, சாதாரண வண்டி தாங்காது. மேல் நிறுத்தத்திலிருந்து என்றால் கிட்டத்தட்ட 6 மைல், அதுவும் வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரமில்லாத வெட்டவெளி. வேன் கீழே போகாது என்று மேல் நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டான். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, ஒரு பாக்கெட் பிஸ்கட். இதுதான் மதிய உணவாம். தன் கைபேசியில் இருந்த வரைபடத்தை என் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னான். "வழிகாட்டி முன்னால் போயிருப்பார். மூன்று மணிக்கு வருகிறேன்" என்றான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுத்துவிட்டான். கைபேசியில் சிக்னல் இல்லை. யாரைக் கூப்பிடுவது?

நல்லவேளையாக ஐடஹோ மாநிலத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி எங்கள் நிலையைப் பார்த்து, எங்களோடு வாருங்கள் என்றார்கள். அவர்களிடம் கயிறு இருந்தது, தண்ணீர் இருந்தது. பீக்கபூவின் வாயிலேயே ஆள் உயரம் இரண்டு அளவுக்குச் செங்குத்தாக ஏற வேண்டும். பாறையில் கால் வைக்கக் குழிகள் வெட்டியிருக்கிறார்கள், பிடிக்க ஒன்றும் இல்லை. அந்த மனிதர் மேலே ஏறிக் கயிறு போட்டுத்தான் என் மனைவியையும் மைத்துனரையும் இழுத்தார். வழிகாட்டி என்று நாங்கள் பணம் கொடுத்தது இந்த வேலைக்கு.

ஸ்பூக்கி அதைவிட மோசம். மிகக் குறுகலான இடங்களில் அகலம் 10 அங்குலம்தான். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, பக்கவாட்டில் நகர வேண்டும். திருப்பிய முகத்தை மறுபக்கம் திருப்ப முடியாது. அப்படி ஒரு வளைவில் மைத்துனரின் மார்பு சுவர்களுக்கிடையே பிடித்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மூச்சை இழுத்தால் பாறை நெஞ்சை அழுத்துகிறது. சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து மணலில் விழும் சத்தம் கேட்டது. அவர் பதறவில்லை. "மாப்பிள்ளை, நீங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள், நான் மெதுவாக வருகிறேன்" என்றார். பையன் "அப்பா, அப்பா" என்று அழ ஆரம்பித்துவிட்டான். எங்களுக்குப் பின்னால் வேறு ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஐடஹோக்காரர் அவரை மூச்சை முழுவதும் வெளியே விடச் சொல்லி, தோளைப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு இழுத்தார். பெரிய பாறைகள் அடைத்துக் கிடக்கும் ஓரிடத்தில் முதலில் குனிந்து இறங்கியிருந்தோம். அதில் அவரைத் திரும்ப ஏற்ற நான்கு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு மேலே மணலில் நடந்து, பீக்கபூவின் ஓரமாகச் சுற்றி ஓடைக்கு இறங்கினார். சுற்றுவழி காட்டுவார் என்றார்களே, அந்த வழிதான் இது. காட்டியவர் எங்களிடம் ஒரு காசு வாங்காத அந்நியர்.

இதற்கிடையில் மேற்கே மலைவிளிம்பில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தப் பகுதியில் பிற்பகல் இடிமழைக் காலம். இந்த இடுக்குகளில் ஆளைக் கொல்ல அங்கேயே மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் லோவர் ஆண்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. 2015 செப்டம்பரில் சையன் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர் இறந்தார்கள். காலையில் வானிலை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம் என்று சொன்னவர்கள், வழிகாட்டியே இல்லாமல் எங்களை அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் மேல் மழை விழவில்லை. இடி மட்டும் கேட்டது. ஐந்து மணிக்கு மேல் வேன் வரும்வரை அந்தத் தம்பதி எங்களை விட்டுப் போகவில்லை. மழை விழுந்திருந்தால் அந்த மண் பாதை சேறாகி வேனே வந்திருக்காது.

மறுநாள் காலை எஸ்கலாண்டேயில் ஹைவே 12 ஓரமாக இருக்கும் பார்வையாளர் மையத்துக்குப் போனேன். அங்குதான் அடுத்த இடி. அந்தப் பகுதி முழுவதும் கிராண்ட் ஸ்டேர்கேஸ் எஸ்கலாண்டே தேசிய நினைவுச்சின்னம் என்ற பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்புக்குள் வருகிறது. 1996இல் அறிவிக்கப்பட்டது, மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நிர்வகிக்கிறது. பகல் நேர நடைக்கு அனுமதிச் சீட்டும் வேண்டாம், கட்டணமும் கிடையாது என்றார் மேசையில் இருந்த அம்மையார். எங்கள் ரசீதில் அனுமதிக் கட்டணம் தலைக்கு 25 டாலர் என்று தனி வரியாகவே இருக்கிறது. இல்லாத கட்டணத்துக்கு 100 டாலர்! அனுமதி வாங்க வேண்டியது யார் என்றால், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப் போகும் நிறுவனம்தான். அந்தத் துறையிடம் சிறப்பு அனுமதி பெறாமல் வழிகாட்டித் தொழில் நடத்தக் கூடாது.

வெளியே வந்ததும் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். பரிவோடு பேசிய அதே குரல், என் பெயரைக் கேட்டதும் மாறிவிட்டது. வழிகாட்டிக்கு உடல்நிலை சரியில்லை என்றார். அப்படியானால் ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்றேன். "நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் வழிகாட்டி இல்லாத சுயநடை என்று இருக்கிறது, படித்துப் பாருங்கள்" என்றார். ஆள் இல்லை என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வண்டியில் ஏற்றிய பிறகு அந்த டேப்லெட்டை நீட்டியிருக்கிறார்கள். பணத்தைப் பற்றிக் கேட்டபோது, அது இணையதளத்திடம் இருக்கிறது, அவர்களிடம் பேசுங்கள் என்று வைத்துவிட்டார். அதன் பிறகு என் எண்ணை எடுப்பதே இல்லை.

இணையதளத்தில் முதலில் பேசுவது இயந்திரம். அதைத் தாண்டி ஒரு மனிதரைப் பிடிக்கவே அரை நாள் போயிற்று. அவர் சொன்னது: "உங்கள் பயணம் நிறைவடைந்ததாகப் பதிவாகியிருக்கிறது." எப்படி? காலையில் அந்தப் பையன் ஸ்கேன் செய்தானே, அந்த நொடியிலேயே எல்லாச் சேவையும் வழங்கப்பட்டதாகக் கணக்கு முடிந்துவிட்டது. வெறும் வண்டி நிறுத்தத்தின் படத்தையும், மைத்துனரின் கிழிந்த சட்டையின் படத்தையும், 25 டாலர் வரியுள்ள ரசீதையும் அனுப்பினேன். "உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், தயவுசெய்து பயண நிறுவனத்தைத் தொடர்புகொள்ளவும்" என்று பதில். அவர்கள் இவர்களைக் கைகாட்டுகிறார்கள், இவர்கள் அவர்களைக் கைகாட்டுகிறார்கள். விடாமல் எழுதியதில், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள 40 டாலர் கூப்பன் தருகிறார்களாம். 756 டாலருக்கு 40 டாலர், அதையும் அவர்களிடமே செலவழிக்க வேண்டும்!

அந்த 4.9 நட்சத்திரங்களையும் இப்போது தோண்டிப் பார்த்தேன். மேலே நான்கைந்து மட்டும் ஸ்லாட் கேன்யன் பற்றியவை. அடுத்த பக்கங்களுக்குப் போனால் படகுச் சவாரி அருமை, சூரிய அஸ்தமனம் அருமை என்று இருக்கிறது. பாலைவனத்தில் ஏது படகு? வேறு பயணத்துக்கு வந்த பாராட்டையெல்லாம் இந்தப் பக்கத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். இணையதளத்துக்கு இதையும் எழுதினேன். பதில் இல்லை.

கிரெடிட் கார்டு வங்கியில் முறையிட்டேன். அந்த இடத்துக்கு நீங்கள் போனீர்களா இல்லையா என்று கேட்கிறார்கள். போனோம் ஐயா, போனோம். போய்த்தான் ஒரு மனிதரைப் பாறையிடுக்கிலிருந்து பிடுங்கி எடுத்தோம். எழுத்துமூலமாகத் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாளை அனுப்புகிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுத எழுதக் கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பீக்கபூ, ஸ்பூக்கி பகல் நடைக்கு அனுமதிக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அது பொய். வழிகாட்டி நிறுவனத்திடம் நில மேலாண்மைத் துறையின் அனுமதி உண்டா என்று எஸ்கலாண்டே பார்வையாளர் மையத்தையே கேளுங்கள், அன்றைய வெள்ள எச்சரிக்கையையும் சொல்வார்கள். வழிகாட்டியை நேரில் பார்க்காமல் வவுச்சரை ஸ்கேன் செய்ய விடாதீர்கள். பருமனானவர்களை எக்காரணம் கொண்டும் ஸ்பூக்கிக்குள் அனுப்பாதீர்கள். தண்ணீர் சொந்தமாக, ஆளுக்கு ஒரு காலன் (ஏறக்குறைய 3.8 லிட்டர்). கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தக் கட்டணம் வரும் முதல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

எஸ்கலாண்டேயில் இப்படி வேன் வந்து, டேப்லெட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் இறக்கிவிடப்பட்டவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் ரசீதிலும் அந்த 25 டாலர் வரி இருக்கிறதா என்று பாருங்கள். நில மேலாண்மைத் துறைக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதோடு சேர்த்து அனுப்புகிறேன்.