இன்ஜின் வேலைக்குப் பிறகு: இழுவை வந்தது, எரிச்சல் போகவில்லை

"இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் வண்டி பழையபடி ஆகிவிடுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவரிடம் இருப்பதும் என்னுடையதைப் போல ஏர்கூல்டு, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த 150 சிசி பைக்தான். போனில் சொல்ல ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் எழுதிவிடுகிறேன். வேலை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. கோபமும் ஓரளவு ஆறியிருக்கிறது. ஓரளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போர் வேலை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரைக் கடையும் வேலை, அருமை. 0.50 மி.மீ. பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டனுக்கு அளவாகக் கடைந்து, சுவரைத் தேய்த்து முடிக்கும் ஹோனிங்கில் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி செய்திருந்தார்கள். பிஸ்டன் தட்டும் சத்தம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஆனால் வண்டி கைக்கு வந்ததிலிருந்தே பிக்கப் இல்லை. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. கூடவே ஆயில் குடித்தது, சைலன்சரில் நீலப் புகை. மெக்கானிக்கிடம் இருந்தது ஒரே பதில்: "ரிங் இன்னும் செட் ஆகலை சார், ஓட ஓடச் சரியாகிடும்."

ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு ஒட்டிக் கசிவைத் தடுக்கும் வளையம். இந்த ஒரு வாக்கியம்தான் என்னை அதிகம் சோதித்தது. அதில் பாதி உண்மை இருப்பதால் மறுக்கவும் முடியவில்லை. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு தள்ளும்போது, ஹோனிங் கோடுகளின் கூர்முனைகள் தேய்ந்து ரிங் படிகிறது. அதற்கு இன்ஜினுக்குக் கொஞ்சம் லோடு கிடைக்க வேண்டும். பயந்து பயந்து உருட்டினால் சுவர் கண்ணாடிபோல் மழமழப்பாகி, ரிங் படியாமலே போகலாம். எல்லாம் சரி. ஆனால் இது பெரும்பாலும் ஆரம்ப ஓட்டத்திலேயே நடந்து முடிகிற காரியம். முதல் ஆயில் மாற்றும்போதும் ரிங், அடுத்த ஆயில் மாற்றும்போதும் ரிங் என்றால் எப்படி?

புகை வருகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், எப்போது வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ரிங் பழுதென்றால் பொதுவாக ஆக்சிலேட்டரைத் திருகி லோடு கொடுக்கும்போது புகை விடாமல் வரும். என் வண்டியில் அப்போது புகையே இல்லை. இரவு முழுக்க நின்றுவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒரு குப்பென்று வரும். சரிவில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு இறங்கி, கீழே வந்து மறுபடி திருகினால் இன்னொரு குப். மூடியிருக்கும்போது காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் வெற்றிடம் கூடி, வால்வ் தண்டு வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது. ஆக, சந்தேகம் போக வேண்டிய இடம் வால்வ்கள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்தான்; சிலிண்டர் இருக்கும் பிளாக் இல்லை.

அப்புறம் வேறொரு கடையில் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தோம். இன்ஜின் சூடாக, ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்து. ரீடிங் குறைவு. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தாலும் ஏறவில்லை. ரிங் கசிந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து ரீடிங்கைத் தூக்கிவிடும். சரி, வால்வ் உட்காரவில்லை போல என்று பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியையும் சரிபார்த்துவிட்டு, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் கேட்டோம். கார்புரேட்டர் பக்கமும் சைலன்சர் பக்கமும் சீறல் இல்லை. ஆயில் ஊற்றும் வாயிலும் பெரிதாக ஒன்றும் இல்லை.

கசிவு இல்லை, ஆனாலும் கம்ப்ரெஷன் இல்லை. இந்த இடத்தில் அந்தப் புது மெக்கானிக் சிரித்துவிட்டார். எனக்கு ஹெட் கவரைத் திறந்த பிறகுதான் புரிந்தது. பிஸ்டனோடு சுழலும் கிராங்க்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. கேம் சக்கரத்தில் 32 பல். ஒரு பல் என்றால் கேமில் 11.25 டிகிரி, கிராங்க்கில் அதுவே 22.5 டிகிரி. அவ்வளவு தாமதமாக இன்டேக் வால்வ் மூடினால், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கை மேலேறும் பிஸ்டன் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை எங்கிருந்து வரும்? செயினை இறுக்கும் டென்ஷனரைப் போட்டபின் கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகளை மறுபடி பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பல்லைச் சரியாக மாட்டியதும் வண்டி வேறு வண்டி ஆனது. ஒரே உதையில் ஸ்டார்ட், மேட்டில் மூன்றாவது கியர். புகை மட்டும் அப்படியே. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. இழுவையும் புகையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்று நினைத்ததால்தான் இவ்வளவு காலம் ரிங்கையே சுற்றிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஹெட்டைக் கழற்றினோம். வால்வ் தண்டில் ஆயிலைத் தடுக்கும் வால்வ் சீல் புதுசு. ஆனால் அது உட்கார்ந்திருந்த கைடு, அதாவது தண்டு ஆடாமல் பிடித்திருக்கும் குழல், பழசு. வால்வைக் கொஞ்சம் வெளியே இழுத்து அசைத்தால் இன்டேக் பக்கம் கைக்கே ஆட்டம் தெரிந்தது. தண்டு ஆடினால் எந்தச் சீலும் கொஞ்ச நாளில் தோற்கும். கைடு மாற்றி, வால்வ் உட்காரும் சீட்டை வெட்டி, இரண்டும் ஒட்டும்படி தேய்க்கும் லேப்பிங்கும் செய்த பிறகு காலைப் புகை நின்றது. பிளாக்கில் அத்தனை நுணுக்கம் காட்டியவர்கள் ஹெட்டில் ஏன் கைடைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நண்பருக்கு இடையில் ஒன்று: பிக்கப் இல்லை என்றதும் இன்ஜினைப் பிரிக்காதீர்கள். டாப் கியரில் திருகும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச்சைப் பாருங்கள். இந்த மாதிரி வண்டிகளில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் நனைகிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ (ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயிலின் தரக் குறி) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காருக்கான வழவழப்பு ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

இப்போது வண்டி நன்றாக இருக்கிறதா? இருக்கிறது. வாங்கிய காலத்தில்கூட ஐடில் இவ்வளவு சீராக நின்றதாக நினைவில்லை. இன்னொரு வண்டிக்கு இதே வேலையைச் செய்வேனா? மாட்டேன். நீங்களும் செய்யாதீர்கள். நல்ல நிலையில் இருக்கிற முழு இன்ஜின் கிடைத்தால் மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆயில் லேசாகக் குறைகிறது. காற்று வடிகட்டி இருக்கும் ஏர் பாக்ஸின் அடியில் ஈரம் இருப்பதால் என் சந்தேகம், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை அங்கே விடும் பிரீதர் குழாய் மேல். முதல் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் ஆயில் ரிங்கை ஒருமுறை பார்த்துவிடலாம் என்கிறார். பிளாக்கில் இனி யாரையும் கை வைக்க விடுவதாக இல்லை.