குழந்தைகளுக்கான தொப்புள் பெல்ட்: ஒரு ஸ்டார், அதுவும் துணிக்காக

பையன் 35 வாரத்தில் பிறந்தவன். மூன்றாம் மாதம் தொப்புள் துருத்திக்கொண்டு நின்றது. காசை வைத்துத் துணியால் கட்டலாம் என்றார் அத்தை. அதற்கு இது தேவலை என்று ஆன்லைனில் 349 ரூபாய்க்கு இந்த பெல்ட்டை வாங்கினேன். பெட்டிக்கு இரண்டு வரும்.

துணி மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனால் கொழிஞ்சாம்பாறை வெயிலில் கட்டிய அரை மணி நேரத்தில் உள்ளே நனைந்துவிடும். நாலாம் நாள் கழற்றினால் தொப்புளைச் சுற்றிச் சிவப்பு வளையம், அதன் கீழே பொரிப்பொரியாக வேர்க்குரு.

அதைவிடப் பெரிய குறை, எங்கள் கண்ணெல்லாம் தொப்புளிலேயே இருந்ததுதான். ஒருநாள் அத்தை அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது வீறிட்டு அழுதான். வலது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு புடைப்பு! பால் குடித்துத் தூங்கியதும் அந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் ஆஷா சேச்சியிடம் சொன்னேன். “அடுத்த தடவை அழும்போது போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டர் பார்க்கும் நேரம் உள்ளே போயிருக்கும்” என்றார். அப்படியேதான் ஆனது. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. குழந்தைகள் சர்ஜன் போட்டோவைப் பார்த்துவிட்டு, தடவிப் பார்த்து, ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்றார்.

தொப்புளில் வருவது பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளுமாம். பெல்ட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். தொடை இடுக்கில் வருவது அப்படி இல்லை. கருவில் விரை இறங்கி வந்த வழி அடைபடாமல் நின்று, அதில் குடல் இறங்குகிறது. குறைமாதப் பிள்ளைகளுக்கு அதிகம். பெண் குழந்தைகளுக்கும் வரும். ஆபரேஷன் ஒன்றுதான் வழி. புடைப்பு கெட்டியாகி உள்ளே போகாமல் நின்றாலோ, சிவந்தாலோ, தொட்டாலே அழுதாலோ, வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் உடனே கிளம்பிவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

ஆபரேஷன் முடிந்தது. இடுக்கு மடிப்பில் சின்னத் தையல், அவ்வளவுதான். தொப்புள் இன்னும் துருத்தித்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டோம்.

இரண்டாவது பெல்ட் பிரிக்காமலே இருக்கிறது. எதிர் வீட்டு அக்கா தன் பேத்திக்குக் கேட்டார். பெல்ட்டைக் கொடுக்கவில்லை, குழந்தை அழும்போது டயப்பரை இறக்கிக் கீழேயும் பாருங்கள் அக்கா என்றேன்.