லாப்ரடாரின் முடி உதிர்வு: ஐந்து வருடமாகப் பயன்படுத்திய பிரஷ்களும் மிஷின்களும்

பொன்னி எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. மஞ்சள் நிற லாப்ரடார், இப்போது 28 கிலோ. குட்டியாக இருந்தபோது மடியில் தூங்கி எழுந்து போனால் துணியில் நாலு முடி இருக்கும், தட்டிவிட்டால் போய்விடும். ஒரு வயது நெருங்கும்போது குட்டிமுடி மாறிப் பெரிய நாயின் முடி வந்தது. அந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய வாரத்தில், காலையில் பெருக்கிய கூடத்தை மதியம் பார்த்தால் மூலைக்கு மூலை முடிப்பந்து உருண்டு கிடந்தது. அன்றிலிருந்து வாங்கியது, ஒதுக்கி வைத்தது, இன்றும் தினமும் கையில் எடுப்பது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முடி கொட்டுவதை நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, ஸ்பிட்ஸ் வகைகளுக்கு இரண்டு அடுக்கு முடி. வெளியே தெரிவது சற்று முரடான மேல்முடி, அதற்கடியில் பஞ்சு மாதிரி உள்முடி. ஒவ்வொரு முடியும் வளர்ந்து, ஓய்ந்து, விழுந்து, அதே இடத்தில் புதியது முளைக்கும். பகல் நேரம் கூடுவதையும் குறைவதையும் பார்த்துத்தான் நாயின் உடம்பு இதைப் பெரும்பாலும் நடத்துகிறது. அதனால்தான் வருடத்தில் இரண்டு முறை அள்ளிக் கொட்டுகிறது. இரவு வரை விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்களுக்கு இந்தக் கணக்கு குழம்பி, வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வதும் உண்டு. பொன்னிக்கு இரண்டும் உண்டு. விழப்போகிற முடியைத் தரைக்குப் போகும் முன்பே நம் கையில் எடுத்துக்கொள்வதுதான் நம்மால் முடிந்தது.

நான் முதலில் வாங்கியது நெருக்கமான உலோகப் பற்கள் உள்ள டிஷெட்டிங் சீப்பு, அதாவது உதிரும் முடியை இழுத்தெடுக்கும் சீப்பு. ஒரே இழுப்பில் கைநிறைய முடி வந்தது. அந்தக் குவியலைப் பார்க்கிற திருப்தியில் தினமும் அரைமணி நேரம் வாரினேன். மூன்றாவது வாரம், முதுகில் வாலுக்குச் சற்று மேலே முடி மங்கித் தெரிந்தது. தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருந்தது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது முடி நுனிகள் பாதியில் ஒடிந்திருந்தன, அடியில் தோல் சிவந்திருந்தது. அந்தச் சீப்பு உதிர்ந்த முடியோடு நல்ல மேல்முடியையும் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பொன்னி ஒரு நாளும் முனகவில்லை, நின்ற இடத்திலேயே பொறுமையாக நின்றாள். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. தோல் ஒரு வாரத்தில் சரியானது, முடி பழைய பளபளப்புக்கு வரப் பல மாதங்கள் ஆயின. சீப்பு மேல் முழுப் பழியைப் போட மாட்டேன். அள்ளிக் கொட்டும் வாரங்களில், வாரத்துக்கு ஒரு நாள், ஒரு இடத்தில் நாலைந்து இழுப்பு, அதுவும் அழுத்தாமல் என்றால் நன்றாகவே வேலை செய்கிறது.

மெல்லிய வளைந்த கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷும் வாங்கினேன். நீளமுடி நாய்க்கு அது அவசியம், லாப்ரடாருக்குத் தேவைப்படவில்லை. வாங்குகிறவர்கள் முதலில் தங்கள் முழங்கையின் உட்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். நமக்கு எரிந்தால் நாய்க்கும் எரியும்.

இன்று வரை தினமும் பயன்படுவது சாதாரண ரப்பர் பிரஷ்தான். உள்ளங்கையில் அடங்கும், மழுங்கிய ரப்பர் பற்கள். கழுத்திலிருந்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போவேன், உள்முடி தளர்ந்து மேலே வரும். அப்புறம் முடி சாயும் திசையிலேயே வாரி எடுப்பேன். பத்து நிமிடம் போதும். அவளுக்கு இது மசாஜ் மாதிரி, பிரஷை எடுத்தாலே வந்து முதுகைக் காட்டி நிற்பாள். கொட்டும் பருவத்தில் மட்டும் இதற்கு முன்னால் இடைவெளி விட்ட பற்கள் உள்ள, உள்முடியை வாரி எடுக்கும் ரேக் என்ற சீப்பைப் போடுகிறேன். தொடையின் பின்பக்கம், கழுத்து மடிப்பு ஆகிய இரண்டு இடங்களில் உள்முடி அடர்த்தி அதிகம், ரேக் இல்லாமல் அங்கே எதுவும் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாருவதைவிடத் தினமும் பத்து நிமிடம் நல்ல பலன் தந்தது. இரண்டையும் மாதக்கணக்கில் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

குளிப்பாட்டுவதில் வரிசை முக்கியம். முதலில் வாரிவிட வேண்டும், அப்புறம்தான் தண்ணீர். வாராமல் நனைத்தால் உள்முடி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு சிக்காகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் தோல் வரை இறங்கியதும் நாய்க்கான ஷாம்பு போட்டு ரப்பர் பிரஷாலேயே தேய்க்கிறேன். மனிதர் ஷாம்பு வேண்டாம், நாயின் தோல் நம் தோல் அளவுக்கு அமிலத்தன்மை கொண்டதல்ல. ஷாம்பு மிச்சமில்லாமல் அலச எனக்கு எப்போதும் தேய்த்த நேரத்தைவிட இரண்டு மடங்கு ஆகும். மாதம் ஒரு முறைக்கு மேல் குளிப்பாட்டுவதில்லை.

மூன்றாவது வருடம் நாய்களுக்கான பிளோயர் வாங்கினோம். உண்மையில் பெரிய மாற்றம் தந்தது இதுதான். நம் ஹேர் டிரையர் சூட்டால் காயவைக்கிறது. இது காற்றின் வேகத்தால் தண்ணீரையும் செத்த உள்முடியையும் சேர்த்துத் தள்ளி வெளியேற்றுகிறது. முதல் தடவை மொட்டைமாடியில் வைத்து ஓட்டியபோது பனி கொட்டுகிற மாதிரி முடி பறந்தது. அந்த வாரம் வீட்டுக்குள் விழுந்த முடி பாதிக்கும் குறைவு என்றே தோன்றியது. ஆனால் சத்தம் பலம். அதற்குப் பொன்னியைப் பழக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் அடுத்த அறையில் மட்டும் ஓடவிட்டேன். அடுத்து அணைத்து வைத்த குழாயை முகர விட்டேன். கடைசியாகக் குறைந்த வேகத்தில் பின்கால்களில் இருந்து ஆரம்பித்தேன். முகம், காது, கண் பக்கம் இன்றுவரை காட்டுவதில்லை, அங்கே துண்டு மட்டும்தான். நமக்கும் மாஸ்க்கும் கண்ணாடியும் வேண்டும். உள்முடி நன்றாகக் காய்வது இன்னொரு லாபம், ஈரம் தங்கினால் தோலில் புண் வரும்.

மொட்டை அடித்துவிட்டால் தொல்லை தீரும் என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. செய்யவில்லை. இரண்டு அடுக்கு முடி வெயிலிலிருந்தும் காக்கிறது. சில நாய்களுக்குச் சிரைத்த இடத்தில் முடி திரும்ப ஒழுங்காக வளர்வதே இல்லை. சிரைத்தாலும் குட்டை குட்டையாகக் கொட்டத்தான் செய்யும்.

மீன் எண்ணெய் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுக்கிறேன். முதல் ஒன்றரை மாதம் எதுவுமே தெரியவில்லை. இரண்டாம் மாதம் முடிவில் பொடுகு குறைந்தது, முடியில் மினுமினுப்பு வந்தது. கொட்டும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டுக்கு ரோபோ வாக்குவம். தினமும் ஓடுவதால் முடிப்பந்து சேர்வதில்லை, அது நிம்மதி. ஆனால் உருளையிலும் முன்சக்கரத்தின் அச்சிலும் முடி சுற்றிக்கொள்கிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை கழற்றிக் கத்தரியால் வெட்டி எடுக்காவிட்டால் நின்றுவிடும். சோஃபாவுக்கு எந்த மிஷினையும்விட ஈரமான ரப்பர் கையுறை மேல். ஒரே திசையில் தடவினால் முடி கயிறு மாதிரி திரண்டு வரும். துணிகளை வாஷிங் மிஷினில் போடும் முன் காய்ந்த நிலையில் உதறிவிட வேண்டும். நனைந்த முடி துணியிலும் டிரம்மிலும் அப்பிக்கொள்ளும்.

நாலாம் வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். பருவமே இல்லாத நேரத்தில் உதிர்வு கூடியது. வழக்கமான உதிர்வுதான் என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். வாரும்போது கை வால் அடியில் ஓரிடத்தில் நின்றது. அங்கே முடி மெலிந்து, தோல் தடித்திருந்தது. அவளும் அந்த இடத்தையே கடித்துக்கொண்டிருந்தாள். பேன் சீப்பால் வாரி, விழுந்த கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வைத்தேன். செம்பழுப்பாகக் கசிந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சம் என்றால் அதில் ரத்தம் இருப்பதால் இப்படித்தான் கசியும். மருத்துவர் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை என்றார். சில கடிகளே போதுமாம். மூன்று மாதம் தொடர்ந்து மருந்து போட்டோம், படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்தோம், வீட்டைத் தினமும் வாக்குவம் செய்தோம். முடி முழுதாகத் திரும்ப வந்தது.

பருவத்து உதிர்வில் உடம்பு முழுக்க ஒரே சீராகக் கொட்டும், தோல் தெரியாது. திட்டுத்திட்டாக வழுக்கை, அரிப்பு, சிவப்பு, நாற்றம், அல்லது சோர்வும் எடை ஏற்றமும் சேர்ந்து இருபக்கமும் ஒரே மாதிரி முடி மெலிதல், இவற்றில் எது இருந்தாலும் பிரஷைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். தைராய்டு குறைவிலும் முடி இப்படி மெலியும், ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும்.

இப்போது என்னிடம் இருப்பது மூன்றாவது ரப்பர் பிரஷ். ஓரத்துப் பற்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன, முடி முன்போலப் பிடிபடவில்லை. அடுத்ததும் அதே மாதிரிதான் வாங்கப் போகிறேன்.