சாவி கொடுக்கும் சமையலறை டைமர்: ஐந்து மாதம் பயன்படுத்திய பிறகு

எனக்கு வேலை மெய்ப்புப் பார்ப்பது. பதிப்பகங்கள் அனுப்பும் பக்கங்களை வீட்டிலிருந்தே திருத்திக் கொடுக்கிறேன். போன ஆகஸ்டில் டெங்கு வந்தது. உடம்பு ஒரு மாதத்தில் தேறிவிட்டது, மனசு தேறவில்லை. ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கான புத்தகங்கள் அக்டோபர், நவம்பரில்தான் எங்கள் கைக்கு வந்து குவியும். மேசையில் ஆறு ஃபாரம், அதாவது 96 பக்கம், ஒன்பது நாளாக அப்படியே கிடந்தது. காலையில் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும், சாப்பிட்டதும் நாளைக்கு ஆகட்டும் என்று தோன்றும்.

அந்தச் சமயத்தில் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு இட்லித் தட்டு வாங்கப் போனபோது கண்ணில் பட்டது இந்த டைமர். சிவப்பு பிளாஸ்டிக், உள்ளங்கை அளவு, 180 ரூபாய். பேட்டரி கிடையாது. உள்ளே சுருள்வில் இருக்கிறது. மேல் பாதியைத் திருகி விட்டால் டிக் டிக்கென்று பின்னோக்கி வந்து, பூஜ்யத்தைத் தொட்டதும் மணி அடிக்கும். அதிகபட்சம் 60 நிமிடம்.

சமையல் டைமரை வைத்து வேலை செய்வது புது விஷயம் இல்லை. இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் 1980களின் கடைசியில் மாணவராக இருந்தபோது, படிப்பில் மனம் நிற்காமல், பத்து நிமிடமாவது ஒழுங்காகப் படிக்க முடியுமா என்று தனக்குத்தானே பந்தயம் கட்டிக்கொண்டார். அதற்கு அவர் எடுத்தது தக்காளி வடிவ டைமர். அதனால்தான் அந்த முறைக்கு இத்தாலிய மொழியில் தக்காளி என்று பொருள்படும் பொமோடோரோ என்ற பெயர். பிற்பாடு 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்றுக்கு ஒருமுறை நீண்ட ஓய்வு என்று அது நிலைபெற்றது. இதைத் தம்பி சொல்லி நானும் செல்போனில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நேரம் வைக்கப் போனை எடுத்தால் நாலு மெசேஜ் நிற்கும். மணியை நிறுத்த எடுத்தால் இன்னும் நாலு. அரைமணி நேரம் அங்கேயே போய்விடும்.

இந்த டைமருக்குத் திரை இல்லை. அதுதான் எனக்கு உதவியது. முதல் நாள் பத்து நிமிடம் வைத்துப் போனை அடுத்த அறையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்தில் 'ஆற்றின் கறையில் நின்றாள்' என்று இருந்தது. 'கறை'யை அடித்துக் 'கரை' என்று ஓரத்தில் எழுதினேன். பத்து வாரத்துக்குப் பிறகு நான் திருத்திய முதல் பிழை அது. மணி அடித்தபோது மூன்றாவது பக்கத்தின் நடுவில் இருந்தேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. அன்றைக்கு மூன்று முறை திருகினேன். பதினொரு பக்கம் முடிந்தது.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். அந்த பிளாஸ்டிக் டைமர் மூன்று வாரம்தான் உழைத்தது. ஒருநாள் 8இல் நின்றுவிட்டது, தட்டினாலும் அசையவில்லை. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். மேலே 170 ரூபாய் போட்டு எவர்சில்வர் உடம்பு வைத்ததை வாங்கி வந்தேன். இன்று வரை அதுதான் ஓடுகிறது. பின்னால் காந்தம் உண்டு, பீரோ கதவில் ஒட்டிக்கொள்ளும். 25 வைத்தால் 26 நிமிடத்துக்குப் பக்கமாகத்தான் அடிக்கும். எனக்கு அது பொருட்டில்லை, முட்டை வேக வைப்பவர்கள் யோசிக்கலாம். குறைந்த நேரம் வைக்கும்போது நேராக 5க்குத் திருகக் கூடாது. பாதிக்கு மேல் கொண்டுபோய் அங்கிருந்து 5க்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வில் சரியாக முறுக்கேறாமல் மணி அடிக்காது. அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் ஒரு வாரம் கழித்துத்தான் படித்தேன்.

சத்தம் நிறையவே இருக்கிறது. வெறும் மர மேசையில் வைத்தால் மேசையே டிக் டிக்கென்கிறது, அதனால் கைத்துண்டை நாலாக மடித்து அதன்மேல் வைக்கிறேன். எனக்கு அந்தச் சத்தம் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. என் அக்காவால் அதைக் கேட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்க முடியவில்லை. தூளியில் குழந்தை தூங்கும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

25 நிமிடக் கணக்கை நான் விட்டுவிட்டேன். முதல் மெய்ப்புக்கு 20 வைக்கிறேன். அதற்கு மேல் போனால் ஒற்று கண்ணில் படுவதில்லை. 'அப்படி சொன்னான்' என்று இருப்பதை 'அப்படிச் சொன்னான்' என்றே படித்துவிட்டுத் தாண்டிவிடுகிறேன். இரண்டாம் மெய்ப்புக்கு 30 தாங்கும். வேலையில் ஆசையே இல்லாத நாளில் இன்றும் பத்துதான். சில நாள் அந்தப் பத்தோடு முடிந்துவிடுகிறது, அதையும் நாட்குறிப்பில் ஒரு கோடாகப் போட்டு வைக்கிறேன். அந்த ஆறு ஃபாரமும் நவம்பர் 14 அன்று கூரியரில் போய்ச் சேர்ந்தன.

வாங்குவதாக இருந்தால் 350 ரூபாய் விலையில் உள்ள எவர்சில்வரையே வாங்குங்கள். கடையிலேயே ஒருமுறை முழுக்கத் திருகி, 5க்குத் திருப்பி வைத்து, மணி அடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.